வயிறு பெருத்த செடி, வெடிக்கும் காய்

சித்திரை வெயிலில் அரக்கோணத்து மொட்டைமாடித் தொட்டிகள் வாடி நிற்கும்போது, அசராமல் நிற்கும் செடி ஒன்று உண்டு. அடித்தண்டு குடுவை போல உப்பியிருக்கும். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், தாமரை இலையைப் போல உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். உச்சியில் பவளச் சிவப்பில் பூங்கொத்து. மூன்றும் இருந்தால் அது ஜாட்ரோஃபா போடாக்ரிகா. நர்சரியில் ‘புத்தா பெல்லி’ என்று கேளுங்கள். பூர்வீகம் மத்திய அமெரிக்கா. நம் வேலியோரக் காட்டாமணக்குக்குப் பங்காளி.

அதனால் விதையில் நஞ்சும் உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. முற்றிய காய் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். தவழும் குழந்தை அதைப் பொறுக்கி வாயில் போட எவ்வளவு நேரமாகும்? காய் பச்சையாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், விதையும் வீணாகாது. ஒரு காய்க்கு மூன்று. குழந்தை தின்றுவிட்டால், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

புது விதையை, பாதி மணல் கலந்த மண்ணில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, லேசாக ஈரம் காட்டினால் போதும். பழைய விதை பெரும்பாலும் ஏமாற்றும்.

வளர்ந்த செடி சில மாதங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பட்டுப்போனதென்று பதறிக் குடம் குடமாக ஊற்றினால்தான் உண்மையில் அழுகும். தண்டை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.