எண் போட்டுக் கழற்றிய வீடு

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியால் போனால் கொஞ்ச தூரத்திலேயே அளுவிஹாரை வந்துவிடும். அங்குள்ள கல் விகாரையை எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் எனா டி சில்வா என்ற ஒரு வயதான அம்மா, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பத்திக்கும் எம்பிராய்டரியும் செய்வித்து வந்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 2015இல் 93 வயதில் அவர் காலமான செய்தியைப் பத்திரிகையில் வாசித்த பிறகுதான் நாங்களே அவரைத் தேடிப் படித்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருவின் பெரிய வீடு. எந்த வீடு என்று ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. போன கிழமை இரண்டு பேர் வந்து காணியை அளந்துவிட்டுப் போனார்கள். வாரிசுகள் ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் வெளிநாட்டில். வீட்டில் இப்போது இருப்பது அந்த மூத்தம்மா மட்டும். எங்கள் உம்மா, சாச்சிமார், தெருவில் பாதிப் பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்த உடுப்பின் சருகை வேலை அவருடைய கையால் வந்ததுதான். இப்போது கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தி வேண்டும்.

எனா டி சில்வாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். அவருடைய தகப்பனும் பொலிஸ் மா அதிபர், கணவரும் பொலிஸ் மா அதிபர். கொழும்பில் அல்பிரட் பிளேஸில் அவர்களுக்கு ஒரு காணி இருந்தது. அதில் வீடு கட்ட அவர் பிடித்த கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. (பாவாவின் தகப்பன் வழியில் முஸ்லிம் இரத்தம் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதினமாக இருக்கும்.) 1960க்கும் 1962க்கும் இடையில் கட்டி முடித்தார்கள். தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு உள்ளே நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், மேலே ஓட்டுக் கூரை, மரத்தூண், கருங்கல். பழைய கண்டிய வலவ்வ வீடுகளில் உள்ள முற்றத்தைக் கொழும்பு நகரத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். நம்முடைய பழைய வீடுகளும் இப்படித்தானே: வெளியே சுவர், உள்ளே வானம். எங்கள் உம்மம்மா மழைத் தண்ணீர் பிடித்ததும் மிளகாய் காய வைத்ததும் அந்த முற்றத்தில்தான்.

அந்தக் கொழும்பு வீட்டில்தான் எனாவின் பத்திக் வேலையும் வளர்ந்தது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் மெழுகைப் பூசி, சாயத்தில் தோய்த்து, காயவைத்து, திரும்பவும் மெழுகு பூசி இன்னொரு சாயத்தில் தோய்க்க வேண்டும். கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுக்கும்வரை என்ன வந்திருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. பொறுமை இல்லாதவருக்கு ஆகாத தொழில். பெந்தோட்டையில் பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்கு முகட்டையே பத்திக்கால் மூடினார் எனா.

1980களில் அவர் தகப்பன் வழி ஊரான அளுவிஹாரைக்கே வந்துவிட்டார். வயது ஏறியது. கொழும்பு வீட்டை 2009 அளவில் விற்றார். பக்கத்தில் இருந்த வைத்தியசாலைக்கு இடம் தேவைப்பட்டது. நியாயமான தேவைதான், இடிப்பதுதான் வழமையும். ஆனால் பாவாவின் அறக்கட்டளையும் சில கட்டடக் கலைஞர்களும் நடுவில் வந்து, ஓடு, தூண், கதவு, கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்கு லொறியில் ஏற்றினார்கள். பல வருடம் எடுத்து அங்கே திரும்பக் கட்டினார்கள். 2016இல் அது திறந்தபோது எனா உயிரோடு இல்லை.

இதில் எங்களுக்குப் பாதிச் சந்தோசம்தான். வீடு தப்பியது, ஆனால் தெருவை இழந்தது. நகரத்தின் நடுவில் மதிலுக்குள் ஒளித்து வைத்த முற்றம், மரமும் குளமும் நிறைந்த தோட்டத்தில் போய் நின்றால் அதே முற்றம் ஆகுமா? ஆனாலும் இல்லாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். விற்ற அம்மாவையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். மரபுரிமை, மரபுரிமை என்று பேசுகிறவர் எவரும் ஓடு மாற்றக் காசு தருவதில்லை. மாரி காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

எனா செய்ததில் பெரிய வேலை என்று எங்களுக்குப் படுவது அளுவிஹாரையில் செய்ததுதான். வீட்டைக் கழற்ற ஆட்களும் லொறியும் பணமும் வேண்டும். கைவேலையைக் கொடுக்க இவை ஒன்றும் வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு பாயும் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையும் போதும். அவர் அதை உயிரோடிருக்கும் போதே ஊர்ப் பெண்களிடம் கொடுத்துவிட்டார். நம்முடைய மூத்தம்மாவிடம் இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை. தையல் பாடம் எடுக்கும் எங்கள் மாணவிகளை நாங்களும் கூட்டிப் போகவில்லை, அது எங்கள் பிழை.

வாரிசுகளிடம் நாங்கள் கேட்பது வீட்டை விற்காதீர்கள் என்றல்ல. உங்கள் பங்கு உங்கள் உரிமை. உடைக்கும் முன் ஒரு மாதம் தாருங்கள். எங்கள் உம்மம்மாவின் வீட்டுக்கு அந்த ஒரு மாதம் கிடைக்கவில்லை. முன்கதவைப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டார். அந்தக் கதவில் எத்தனை பூ செதுக்கியிருந்தது என்பதில் இன்று நானா, தம்பிமாருக்குள்ளேயே ஒத்த பேச்சு இல்லை. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, மூத்தம்மாவின் அனுமதியோடு, உயர்தரப் பிள்ளைகள் எட்டுப் பேருடன் அந்த வீட்டை அளந்து வரையப் போகிறோம். முற்றம், தூண், கதவு எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் படம் எடுப்போம். அந்த வீட்டில் நடந்த கல்யாணப் படங்கள் யாரிடமும் இருந்தால் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்து உடனே திருப்பித் தருவோம். மாணவிகள் ஊசியும் நூலும் கொண்டு வருவார்கள். மூத்தம்மா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.