மனம் உவந்தால்தான் தானம்

சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டால் உயிருக்கு ஆபத்து. உற்றார் ஒருவர் தம் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தால் அந்த உயிர் பிழைக்கலாம். 1971-ம் ஆண்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது.

வெலிங்டனில் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சோதனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மலை இறங்கிக் கோவைக்குப் போவார்கள். டாக்டர்கள் ரத்தத்தைச் சோதிப்பார்கள். பிறகு, கொடுக்க வந்தவரைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்பார்கள்.

"யாராவது வற்புறுத்தினார்களா, அம்மா? பணம் தருவதாகச் சொன்னார்களா? கடன் இருக்கிறதா? ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைக் கவனிக்க ஆள் உண்டா?"

"என் புருஷனுக்கு நான் கொடுக்கிறேன். இதற்கு ஏன் விசாரணை?" என்று கோபம் வரலாம். கோபம் வேண்டாம். கொடுப்பவரின் நன்மைக்காகவே இந்தக் கேள்விகள்.

2001-ம் ஆண்டில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர்கள் சந்தித்தார்கள். 100-க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கடன் தீர்ந்ததா? இல்லை! நாலில் மூன்று பேர் அப்போதும் கடனாளிகள். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. உறுப்பு விற்பனையை 1994-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் கடனும் தரகரும் ஒழியவில்லை. ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பணம் மட்டுமா மனிதரை நெருக்குகிறது? தேயிலை பறிக்கும் ஒரு பெண் சில வாரம் பாரம் சுமக்கக் கூடாது. அந்த வாரங்களில் கூலிக்கு என்ன வழி? "மனைவிதானே, கொடுக்கட்டும்" என்று வீடே சொன்னால், அவள் எப்படி மறுப்பாள்? ஊர் வாய்க்குப் பயந்து தலையாட்டுவாள். இதனால்தான், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று 2014-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவள் சொந்த விருப்பத்தோடு சம்மதித்தாள் என்பதை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும்.

இந்த விசாரணை வெறும் சடங்காகிவிடக் கூடாது. கதவைச் சாத்தி, அவரவர் பாஷையில், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. கேள்வி நடக்கும்போது வெளியே நில்லுங்கள். கொடுப்பவர் கடைசி நாளில் "பயமாக இருக்கிறது, முடியாது" என்றாலும் பழிக்காதீர்கள். மறுக்க முடிந்த இடத்தில்தான் சம்மதத்துக்கு மதிப்பு உண்டு. மனம் உவந்து கொடுத்தால் அது தானம். மிரட்டி வாங்கினால் அது பறிப்பு.