அரும்பொருளகத்தில் பாட்டி சொன்ன கதை

மாலையில் தேசிய தின அணிவகுப்பு. அதுவரை கிடைக்கும் பகல்பொழுதைப் பல குடும்பங்கள் கடைத்தொகுதிகளில் கழிக்கின்றன. சில குடும்பங்கள் அரும்பொருளகம் செல்கின்றன.

அப்படியொரு தேசிய தினத்தன்று என் பாட்டியையும் அக்காளின் பிள்ளைகளையும் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். நுண்ணிய வேலைப்பாடுகள் நிறைந்த செட்டிநாட்டுக் கதவுநிலையின் முன் பாட்டி நின்றுவிட்டார். “எங்க ஊர்ப் பெரிய வீட்டு வாசல் இப்படித்தான் இருக்கும்,” என்றார். பேச்சு அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கும் ரஜூலா கப்பலுக்கும் போனது. பாட்டி கப்பலில் வந்தவர் என்பதே பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியும். பாதிக் கதையை நான் ஆங்கிலத்தில் சொன்ன பிறகே அவர்களுக்குப் புரிந்தது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகளின் விகிதம் 2010ல் 32.3 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். வீட்டில் தமிழ் குறையும்போது, தமிழில் மட்டுமே சொல்லப்பட்டுவந்த குடும்பக் கதைகளும் அதனுடன் மறைகின்றன.

நாராயண பிள்ளை 1819ல் இங்கு வந்ததையும் 1825ல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டதையும் நூல்கள் பாதுகாக்கும். சாதாரணக் குடும்பங்களின் அனுபவங்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தேசிய அளவில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979ல் தொடங்கியது என்றாலும் எல்லாருடைய குரலையும் பதிவுசெய்வது எந்த அமைப்பாலும் இயலாது. 1965ல் பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்களே இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள்.

தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 மே மாதம் முதல் கட்டணமில்லை. ஆகவே செலவு ஒரு தடையாக இருக்கத் தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஒரு காட்சிப்பொருளின் முன் நின்று, அவர்களிடம் தமிழிலேயே கேள்வி கேட்கும்படி பிள்ளைகளைப் பழக்கலாம். பதிலைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளலாம்.

வீடு திரும்பும் வழியில், அக்காளின் மகள் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்: “1965 ஆகஸ்ட் 9 அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“அடுப்படியில,” என்றார் பாட்டி. “ரேடியோவுல சொன்னாங்க. உங்க தாத்தா வேலைக்குப் போயிருந்தாரு. அவரு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பயந்துகிட்டே இருந்தேன்.”

இருபத்தேழு ஆண்டுகளில் நான் பாட்டியிடம் அதைக் கேட்டதே இல்லை.