ஓடிப்போவான் என்று பயம் காட்டாதீர்கள்

போன மாதம் கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை என் அக்காள் மகனுக்கு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், நல்ல பையன். ரசம் வந்தபோது ஆரம்பித்தான். "மாமா, எங்ககிட்ட வரியைப் புடுங்கி ஓசி பஸ்ஸுக்குக் கொட்றாங்க. இதுல கோடீஸ்வரனுக்குத் தனியா செல்வ வரி போடணும்னு ஒரு கூட்டம் கத்துது. கை வெச்சுப் பாக்கட்டும், அவன் நாளைக்கே துபாய்க்கு ஓடிடுவான். அப்புறம் வேலை யாரு குடுப்பா?"

எதிர் வரிசையில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அதில் இரண்டு, 2001இல் மைன்ஸ் மூடியபோது வேலை போய் நின்ற தலைகள். எனக்கு மோர்ச்சோறு இறங்கவில்லை.

இதை அவன் மட்டும் சொல்லவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் இதே பேச்சுதான். பணக்காரனைத் தொடாமல் வைத்திருந்தால் ஊர் வளரும், சர்க்கார் கை வைத்தது எதுவும் உருப்படாது. வேறு ஊர்க்காரன் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விடலாம். தங்கவயலில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல வாய் எப்படி வருகிறது?

பணக்காரனைத் தொடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பரீட்சை செய்து பார்த்த ஊரே நம் ஊர்தான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கடைசிச் சங்கு ஊதியது வரை 120 வருஷம். வெளியே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல். ஆரம்பத்தில் மைசூர் சமஸ்தானம் கேட்ட ராயல்டி 5 சதவீதம். நூறு பவுன் எடுத்தால் ஐந்து பவுன் மண்ணுக்குச் சொந்தக்காரருக்கு. செலவு போக மீதி லண்டன் பங்குதாரருக்கு. இதைவிடச் செல்லமாக ஒரு முதலாளியை வைத்திருக்க முடியுமா? அந்தச் செல்லத்துக்குப் பதிலாக அவர் இந்த ஊரில் முளைக்க வைத்த தொழிற்சாலை எது? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். லாபம் கப்பலேறியது. நமக்கு மிஞ்சியது கழிவு மண் குவிந்த சயனைடு மேடு.

சரி, அந்தத் தங்கத்தை வெளியே கொண்டுவந்த கரண்ட் யாருடையது? சிவசமுத்திரத்து அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் இங்கே கொண்டுவந்தது மைசூர் சர்க்கார். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டம், சமஸ்தானத்துக் கஜானாப் பணம். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905இல். தலைநகரத்துக்கும் முன்னால் தங்கவயல் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தது, சர்க்கார் செலவு. மண்டியாப் பக்கத்து ரயத்து கட்டிய நிலவரியில் லண்டன் முதலாளியின் மோட்டார் சுற்றியது.

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை வருகிற இந்த ரயில் பாதை யார் போட்டது? 1894இல் மைசூர் சமஸ்தானம் போட்டது. அதாவது, "கவர்மென்ட் என்ன கிழிச்சுது" என்று என் மருமகன் தினமும் எந்த ரயிலில் உட்கார்ந்து கேட்கிறானோ, அந்தத் தண்டவாளமே கவர்மென்ட் பணம்தான்.

"வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் ஊரு குட்டி இங்கிலாந்தா இருந்துச்சு, சர்க்கார் வந்து கெடுத்துது" என்று ஒரு புலம்பல் உண்டு. அந்த இங்கிலாந்து யாருக்கு இருந்தது? பங்களாவிலும் கிளப்பிலும் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நடந்தே வந்த நம் முப்பாட்டன் படுத்தது தட்டி வீட்டில். மூங்கில் தட்டிச் சுவர், ஒரே அறை, குனிந்துதான் நுழைய வேண்டும். கணக்கில் வராத தங்கம் கையில் இருந்தாலே குற்றம் என்று தனிச் சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடித்து வருகிறவனை உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார்கள். குன்றிமணித் தங்கத்துக்குத் தொழிலாளியைச் சோதனை போட்ட அதே ஊரிலிருந்து பெட்டி பெட்டியாகத் தங்கம் போனது. அதைத் தட்டிக் கேட்கச் சட்டம் இல்லை. இந்தக் காலத்துக்கா ஏங்குகிறோம்?

சர்க்கார் நடத்தி நஷ்டம் வந்தது என்கிறார்கள். அந்த நஷ்டக் கணக்கை யாராவது விரித்துப் படித்ததுண்டா? 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய நிதியமைச்சகத்துக்குப் போயின. அந்த வருஷங்களில் இங்கே எடுத்த தங்கத்தைச் சந்தையில் விற்க விடவில்லை. அவுன்சுக்கு 35 டாலர் என்ற சர்வதேச விலைக்கு மத்திய அரசே எடுத்துக்கொண்டது. உள்ளூர்ச் சந்தையில் தங்கம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விற்றது. பால்காரனிடம் பாதி விலைக்குப் பாலை வாங்கிக்கொண்டு, உன் மாடு நஷ்டம் என்று சொல்வதற்குப் பெயர் கணக்கா? தங்கத்தின் அருமை 1991இல் தெரிந்தது. ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் நாடு மூச்சு விட்டது. அது நடந்து பத்து வருஷத்துக்குள் இந்த ஊரை மூடினார்கள்.

செல்வ வரி விஷயத்துக்கு வருகிறேன். இது புதிதாக யாரோ கண்டுபிடித்த பூதம் இல்லை. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் 1956இல் யோசனை கொடுத்தார். 1957இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து சட்டமாக்கினார். நம் ஊர்ச் சுரங்கம் பொதுச் சொத்தான மறு வருஷம் அது. 2015இல் அருண் ஜேட்லி எடுத்துவிட்டார். நாடு முழுவதும் சேர்த்து 1,008 கோடிதான் வசூல், இதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது அவர் சொன்ன காரணம். ஏன் 1,008 கோடி? பங்குப் பத்திரம், கம்பெனி முதலீடு எல்லாவற்றுக்கும் 1993லிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கோடீஸ்வரனின் பணம் எங்கே இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, நகை, கார், காலி மனை என்று ஓரத்தைச் சுரண்டினார்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றையே மூடிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1985இல், அப்பன் சொத்து பிள்ளைக்குப் போகும்போது போட்ட எஸ்டேட் வரியும் போய்விட்டது.

ஓடிப்போவான் என்கிறீர்களே, அந்தச் செல்வ வரிச் சட்டம் இருந்த 58 வருஷத்தில் யார் ஓடினார்கள்? 1973-74இல் இந்த நாட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். எனக்கே அது அதிகம்தான். அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் திருபாய் அம்பானி ரிலையன்ஸை வளர்த்து 1977இல் மக்களுக்குப் பங்கு விற்றார். டாட்டா ஓடினாரா, பிர்லா ஓடினாரா? நார்வே நாட்டில் 2022இல் செல்வ வரியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். உடனே ஷெல் இங்கே ரோக்கே என்ற பெரும் பணக்காரர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார். பார்த்தாயா என்று உலகமே கை காட்டியது. அந்தச் சுவிட்சர்லாந்திலும் மாநிலத்துக்கு மாநிலம் செல்வ வரி உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நம் ஊரைவிட்டு ஜான் டெய்லர் போனது வரிக்குப் பயந்தா? 5 சதவீத ராயல்டிக்கா? ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் அள்ளிக்கொடுத்த தங்கம், போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. அப்போதும் சுரண்ட இருந்த வரை இருந்தார்கள், 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டபோதுதான் போனார்கள். தங்கம் இருந்தவரை எந்த வரியும் அவர்களை அசைத்திருக்காது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், பாறை வெடித்து ஆள் சாகும் இடத்தில், ஆளை இறக்கத் துணிந்தவர்கள் இன்னும் ஐந்து சதவீதம் கேட்டிருந்தால் மூட்டை கட்டியிருப்பார்களா? அந்தக் கூடுதல் ஐந்து சதவீதத்தை வாங்கி ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால், இன்றைக்கு நம் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து பெங்களூருக்குத் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருக்குமா?

"நாங்கதான் மாமா வரி கட்றோம்" என்கிறான். கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிற கார்மெண்ட்ஸ் பெண்ணைப் பார். செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோடீஸ்வரன் போட்டாலும் அதே 18. அவளுக்கு அது ஒரு வேளைக் காய்கறி. ராபர்ட்சன்பேட்டையில் ஓட்டு வீடு வைத்திருக்கும் விதவை நகராட்சிக்கு வருஷா வருஷம் வீட்டு வரி கட்டுகிறாள். அவளுக்கு உலகத்தில் இருக்கிற சொத்து அது ஒன்றுதான். அதாவது, தன் மொத்த ஆஸ்திக்கும் அவள் வரி கட்டுகிறாள். ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருப்பவன், அதை விற்காமல் வைத்திருக்கிற வரை, அதற்கென்று ஒரு பைசா கட்ட வேண்டாம். ஏழையின் கூரைக்குச் செல்வ வரி இருக்கிறது, பணக்காரனின் பெட்டிக்கு மட்டும்தான் இல்லை.

ஓசி பஸ் என்று சொன்னானே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. என் அக்காள், அவனைப் பெற்றவள், மாதம் ஒரு முறை சர்க்கரை மாத்திரைக்காகக் கோலாருக்கு அந்த பஸ்ஸில்தான் போகிறாள். டிக்கெட்டை எறிவதில்லை. பூஜ்யம் ரூபாய் என்று அடித்த அந்தத் துண்டுக் காகிதங்களை மருந்துச் சீட்டோடு மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் மகனிடம் பணம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போவாள். அவளைத்தான் இவன் ஓசி என்கிறான்.

கர்நாடக அரசின் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 52,000 கோடி. அரசு திவாலாகிவிடும் என்று அழுகை. 2019 செப்டம்பர் 20ஆம் தேதி மத்திய அரசு கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாக ஒரே நாளில் குறைத்தது. அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி வருமானம் போகும் என்று அவர்களே சொன்னார்கள். ஏறத்தாழ மூன்று கர்நாடகத்தின் உத்தரவாதத் திட்டம். அன்றைக்கு எந்தக் கல்யாண வீட்டிலாவது யாராவது ஓசி என்று சொன்னார்களா? ஏழைக்குக் கொடுத்தால் இலவசம், கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கம். இந்த அகராதியை எழுதியது யார்?

சர்க்கார் பணம் வீண் என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே அதை முதலில் கண்ட இடங்களில் நம் ஊர் ஒன்று. நம் ஆட்கள்தான் அந்தக் கருவிகளைக் கூண்டில் இறக்கினார்கள். இதை நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? கே.ஜி.எஃப் என்றால் சினிமாத் துப்பாக்கி என்று நாடு நினைக்கிறது. சாம்பியன் ரீப் ஆஸ்பத்திரியில் பிறந்த தலைமுறை பாழடைந்த அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. அந்த ஆஸ்பத்திரியை எந்தக் கோடீஸ்வரன் வந்து மறுபடி திறந்தான்?

இப்போது சயனைடு மேட்டுக்கு மறுபடி ஆசை வந்திருக்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவு மண், அதற்குள் இன்னும் தங்கம். 13 மேடுகளை மறுபடி சலிக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. காற்றடிக்கிற மாதத்தில் அந்த வெள்ளைத் தூசி நம் கொடியில் காயும் துணியில் படிகிறது, மூடாமல் வைத்த குடத்தில் ஆடை கட்டுகிறது, நம் நெஞ்சுக்குள் போகிறது. தூசியை 120 வருஷமாகத் தின்றவனுக்கு அந்தத் தங்கத்தில் என்ன பங்கு என்று இன்றைக்கே கேட்க வேண்டும். டெண்டர் எடுக்கிறவன் லாபத்தில் கணிசமான பங்கை இந்த ஊரிலேயே, குடிநீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் வேலைக்கும் வைத்துவிட்டுப் போகட்டும் என்று கேட்க வேண்டும்.

கை கழுவும் இடத்தில் மருமகனிடம் இதைச் சொன்னேன்.

"அவ்ளோ கேட்டா எவனும் டெண்டர் எடுக்க வரமாட்டான் மாமா, வேற ஸ்டேட்டுக்கு ஓடிடுவான்" என்றான்.

"ஓடட்டும்டா. மேட்டைத் தூக்கிக்கிட்டா ஓடப்போறான்?"