கன்னி மூலையும் கக்கூஸ் மூடியும்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு சொந்த வீடு பற்றி ஒரு இணைப்பு வருகிறது. குளியலறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் ஒட்டலாம், குளிக்கிற இடத்தையும் உலர்ந்த இடத்தையும் கண்ணாடி வைத்து எப்படிப் பிரிக்கலாம், சுவரில் மாட்டுகிற கமோடு நல்லதா, தரையில் நிற்பது நல்லதா, சின்ன அறையைப் பெரிசாகக் காட்ட என்ன வழி, எல்லாம் சொல்கிறார்கள். தண்ணீரை அழுத்திய பிறகு அது எங்கே போகிறது என்று மட்டும் ஒரு வரி கிடையாது. அந்தப் படங்களில் குழாய் உண்டு, குழாய்க்கு மறுமுனை கிடையாது.

இது மறதி அல்ல, கருத்தியல். மலத்தை மறைப்பது எல்லா மனிதரும் செய்கிற காரியம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே மலத்தோடு சேர்த்து அதை அள்ளுகிற ஆளையும் மறைக்கிறார்கள். அதற்குப் பெயர் உள் அலங்காரம்.

நான் வங்கியில் கிளார்க். வீட்டுக் கடன் கோப்புகள் என் மேஜையைத் தாண்டித்தான் மேனேஜரிடம் போகும். சம்பளச் சான்று, வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மதிப்பீட்டாளர் அறிக்கை. அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, லிண்டில் மட்டத்துக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று பணம் போகும். சதுர அடி கணக்குப் பார்க்கிறார்கள், சிமெண்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியின் குழாய் அதுவரைக்கும் போகுமா என்று கேட்கிற ஒரு படிவத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. ஒரு வீட்டு வரைபடம் என்பது சாதிச் சான்றிதழ்தான், தாசில்தார் கையெழுத்து மட்டும் இருக்காது. ஈசானிய மூலையில் பூஜை அறை. அக்னி மூலையில் சமையல். கன்னி மூலையில் குடும்பத் தலைவர் படுக்கை, அதோடு ஒட்டி ஐந்துக்கு எட்டில் பாத்ரூம். பிள்ளைகளுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. கொஞ்சம் பெரிய வீடு என்றால் மாடிப்படிக்குக் கீழே மூணுக்கு நாலில் இன்னொன்று, 'சர்வென்ட் டாய்லெட்'. அதன் கதவு வீட்டுக்குள்ளே திறக்காது, வெளியே பார்த்துத் திறக்கும். உள்ளே இருக்கிற மூன்று கக்கூஸையும் ஆசிட் ஊற்றித் தேய்க்கிற பெண், தன் அவசரத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கழுவுகிறபோது வராத தீட்டு உட்காருகிறபோது வந்துவிடுமாம். என்ன தர்க்கம்யா இது?

என் அம்மா எட்டு வருஷம் ஒரு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்தாள், கக்கூஸ் கழுவினாள். அந்தக் கக்கூஸில் ஒருநாள்கூட அவள் உட்கார்ந்ததில்லை. அந்த வீட்டில் வேலைக்காரிக்குத் தனிக் கக்கூஸும் இல்லை. காலையில் போனால் மத்தியானம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வாள், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். நீர்க்கடுப்பு அவளுக்கு ஒரு வியாதியாகத் தெரியவில்லை, வேலையின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தாள்.

வாஸ்து விஞ்ஞானம் என்கிறார்கள். காற்று வரும், வெளிச்சம் வரும், முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்கிறார்கள். மயமதம், மானசாரம் என்று இவர்கள் மேற்கோள் காட்டுகிற சிற்ப நூல்களையே எடுத்துப் பாருங்கள். வெள்ளை மண் பார்ப்பானுக்கு, சிவப்பு மண் சத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு என்று மண்ணுக்கே வருணம் பிரித்து வைத்திருக்கின்றன. ஊருக்குள் யார் எந்தத் திசையில் என்பதும் அதிலே இருக்கிறது. சண்டாளனுக்கு மட்டும் ஊருக்குள் திசை கிடையாது, ஊரைத் தாண்டித் தொலைவில் குடிசை. காற்றும் வெளிச்சமும் பார்த்து எழுதியவன் மண்ணின் நிறத்தில் பிறப்பை ஏன் பார்த்தான்? ஊரையும் சேரியையும் பிரித்த அதே கைதான் பூஜை அறையையும் கக்கூஸையும் பிரிக்கிறது. வீடு என்பது சின்ன அளவில் கட்டிய ஊர்.

பழைய நகரத்து வீடுகளில் இது ஒளிவு மறைவில்லாமலே இருந்தது. கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். அதற்குப் பின்னால் ஒரு சந்து. சந்துப் பக்கம் தகரக் கதவு போட்ட ஓட்டை. அதன் வழியாகக் கையை விட்டு வாளியை இழுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் முகத்தை அவர் பார்க்க வேண்டியதில்லை, அவர் முகத்தை வீட்டுக்காரர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு முகங்கள் சந்திக்காமல் இருக்க ஒரு தெருவையே போட்டவர்கள் இவர்கள். உலகத்தில் எந்தக் கட்டடக் கலையிலாவது இதற்கு ஈடு உண்டா?

முல்க்ராஜ் ஆனந்த் 1935இல் எழுதிய 'தீண்டத்தகாதவன்' நாவலின் கடைசியில் பக்காவுக்கு மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. பாதிரியாரின் கிறிஸ்து, காந்தி, ஒரு கவிஞர் சொல்கிற இயந்திரம். இயந்திரம் என்றால் தண்ணீர் இழுத்துப் போகிற கக்கூஸ். அது வந்துவிட்டால் மலம் அள்ள வேண்டாம், அள்ளாவிட்டால் தீண்டாமை போய்விடும் என்பது அந்த நம்பிக்கை. இயந்திரம் வந்தது. இன்று சென்சார் வைத்து, கை படாமல் தானே கழுவுகிற கமோடுவரை வந்துவிட்டது. குழாயின் மறுமுனையில் நிற்கிற ஆளின் சாதி மாறியதா? எடுப்புக் கக்கூஸுக்கு மேலே நின்று அள்ளியவன் இப்போது குழிக்குள்ளேயே இறங்கி அள்ளுகிறான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் அதே ஆள் மேன்ஹோலில் இறங்குகிறான். இதைத்தான் நவீனம் என்கிறார்கள்.

செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கனமானது அடியில் சேறாகத் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் உள்ள நீர் வெளியேறும். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். கடைசியில் சொன்னது காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்ச்சியைக் கொன்றுவிடும். நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரத்தில்தான் சாவு காத்திருக்கிறது. ஒருவன் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குகிற அடுத்தவனும் விழுவான். அதனால்தான் செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாகிறார்கள்.

இங்கேதான் அலங்காரம் கொலைகாரன் ஆகிறது. குழி வாசல் பக்கம் இருந்தால் அசிங்கம் என்று மூடியின் மேல் கிரானைட் ஒட்டுகிறார்கள். கார் நிறுத்தும் இடத்தில் டைல்ஸ் பதித்து மூடியையே காணாமல் அடிக்கிறார்கள். சேறு கட்டியாகி மேலே வழிகிறவரை யாருக்கும் ஞாபகம் வராது. அப்புறம் டைல்ஸை உடைத்து, ஆள் தேடுகிறார்கள். இறுகிப்போன சேற்றை லாரியின் குழாய் இழுக்காது. யாராவது இறங்கிக் கலக்கிவிட வேண்டும். யாராவது என்றால் யார்? இந்த 'யாராவது'க்கு ஒரு தெரு உண்டு, ஒரு சாதி உண்டு. பாத்ரூம் டைல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியவர் இவரிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார், ஒரு குவார்ட்டரும் வாங்கித் தருவார். அந்த குவார்ட்டர்தான் இந்த நாட்டின் பாதுகாப்புக் கவசம்.

சட்டம் இல்லாமல் இல்லை. உலர் கழிப்பறையைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடுத்து 2013இல் இன்னொரு சட்டம். அதன்படி இறக்குகிறவர் யாராக இருந்தாலும், நகராட்சியோ, ஒப்பந்தக்காரரோ, வீட்டுக்காரரோ, முதல் தடவைக்கே இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். கிரானைட் ஒட்டிய எத்தனை வீட்டுக்காரர் உள்ளே போயிருக்கிறார்? உச்ச நீதிமன்றம் 2014இல் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. முப்பது லட்சம் என்பது என் மேஜையில் தினமும் பார்க்கிற தொகை, ஒரு நடுத்தர வீட்டுக் கடன். அதைக் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை. கொடுத்தாலும் அது செத்த பிறகு வருகிற தொகை. குழியைச் சரியாக வைக்க அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

"வீடு கட்டுறதுலகூட சாதியைப் பேசணுமா தோழர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் பேசவில்லை ஐயா, குழியின் அளவு பேசுகிறது. இரட்டைக் குழிக் கக்கூஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததுக்குத் திருப்பிவிடலாம். மூடிய குழியை ஒன்று, ஒன்றரை வருஷம் விட்டால் உள்ளே இருப்பது மக்கி மண்ணாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வாழைக்குப் போடலாம். நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்துக்கு ஒத்துவராது, மற்றபடி செலவும் குறைவு. ஆனால் கிராமத்தில் வசதி உள்ளவர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். அறை மாதிரிப் பெரிய தொட்டி கட்டினால்தான் கக்கூஸ் என்கிறார்கள். வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்து டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய புத்தகத்தின் சாரமே இதுதான். குழியைக் காலி செய்வது தீண்டப்படாதவர் வேலை என்ற எண்ணம்தான் சின்னக் குழியை வெறுக்க வைக்கிறது. குழியின் ஆழத்தை மனு அளக்கிறான்.

நம்மாட்களிடமும் ஒரு சண்டை உண்டு. படித்து, இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, கடன் வாங்கி வீடு கட்டுகிற நம்மவர் வாஸ்துக்காரன் காலில் போய் விழுகிறார். அந்த சாஸ்திரத்தில் உன் தாத்தனுக்கு ஊருக்குள் இடமே இல்லையே, உனக்கு எந்த மூலையை அவன் குறித்துக் கொடுப்பான்? இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் நமக்குக் கொடுத்தது 20 சதுர மீட்டர். 2016இல் வந்த பிரதமர் திட்டத்தில் சமையல் இடம் உட்பட 25. தமிழ்நாட்டின் பசுமை வீடு 2011இல் 300 சதுர அடி, 2024இன் கனவு இல்லம் 360. இதற்குள் எங்கே ஈசானியம், எங்கே கன்னி மூலை? அடுப்பு, படுக்கை, பிரசவம், பிணம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எல்லாம் ஒரே மூலையில்தான். அங்கிருந்து கிளம்பி வந்தவர் மூன்று படுக்கையறை வீட்டில் பூஜை அறைக்குத் தேக்குக் கதவு வைக்கிறார், புத்தகத்துக்கு ஒரு பலகை அடிக்கவில்லை.

1917இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார், தடியோடு வந்து விரட்டினார்கள். அவர் பிற்பாடு 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டியபோது எதை நினைத்துக் கட்டினார்? புத்தகங்களை. நூலகத்தை வைப்பதற்காகவே அந்த வீடு. நமக்கு மனையடி சாஸ்திரம் வேண்டுமானால் அங்கே இருக்கிறது.

ஆகவே தோழர்களே, வீடு கட்டுங்கள். நல்ல டைல்ஸ் ஒட்டுங்கள், வெந்நீர்க் குழாய் வையுங்கள், நம் அம்மாக்கள் நின்று குளிக்கக் கதவுள்ள அறை வேண்டும். அழகு அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தல்ல. ஆனால் மூடி வெளியே தெரியட்டும். லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில் தொட்டி இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, இறுகுவதற்கு முன்னால், இயந்திரம் வைத்து எடுங்கள். இரட்டைக் குழிக்கு இடமிருந்தால் அதைக் கட்டி நீங்களே அள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர் நீங்கள் போகிற கக்கூஸுக்கே போகட்டும். பொறியியல் படிக்கிற மாணவர்கள் வரைபடத்தில் 'சர்வென்ட் டாய்லெட்' போட மறுக்க வேண்டும். நகராட்சியில் அங்கீகாரம் கொடுக்கிற இடத்திலும், என்னைப் போல வங்கியில் உட்கார்ந்திருப்பவர்களும், குழியை எப்படிக் காலி செய்வீர்கள் என்று எழுதி வாங்கச் சொல்லிச் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும்.

அடுத்த முறை யாராவது புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டால் போங்கள். பாலைக் குடியுங்கள். பாத்ரூமைத் திறந்து காட்டுவார்கள், பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, தொட்டி எங்கே இருக்கிறது, மூடி எங்கே இருக்கிறது, நிறைந்தால் யார் வருவார்கள் என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். சோறு போடாமல் அனுப்பினால் அனுப்பட்டும்.