ஊர்ப் பெயர் இல்லாத உரிமம்

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிற்றூர். மாதத்தின் முதல் வாரம். ரேஷன் கடை வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். அரிசி வந்துவிட்டது, பருப்பு வந்துவிட்டது, விற்பனையாளரும் காலையிலேயே வந்துவிட்டார். கைரேகை வைக்கும் மெஷினுக்குத்தான் டவர் கிடைக்கவில்லை. அவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறுகிறார். வரிசையும் அவர் பின்னாலேயே ஏறுகிறது. மேட்டில் ஒரு புளியமரம். அதற்கு வடக்கே நாலடி தள்ளி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும் என்பது ஊருக்கே தெரியும். "தம்பி, டவர் வந்துச்சா?" என்று ஒரு பாட்டி கேட்கிறார். களையெடுத்துத் தேய்ந்த அவருடைய விரலில் ரேகை எளிதில் பதிவதில்லை. மூன்றாம் முறை பதிந்தபோது சிக்னல் போய்விட்டது.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் அடிவாரத்து நகரம் தெரியும். அங்கே 5ஜி வந்து ஆண்டுகள் ஆகின்றன. இடையில் இருப்பது ஒரு மணி நேர பஸ் பயணம்தான். இந்த இடைவெளிக்கு மலையைக் காரணம் காட்டுவது வழக்கம், தொழில்நுட்பத்தையும் காட்டுவார்கள். முப்பது ஆண்டு காலத் தொலைத்தொடர்பு உரிமங்களை வரிசையாக வைத்துப் படித்தால் வேறொரு காரணம் கண்ணில் படுகிறது. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று தலைமுறைகள் மாறின. யாருக்கு எப்போது சிக்னல் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்ததோ, ஒவ்வொரு முறையும் அரசு எழுதிய ஒப்பந்தம்தான்.

தொடக்கம் 1885இல் இருக்கிறது. அந்த ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசிடம் வைத்தது. மற்றவர்களுக்கு அரசு விரும்பினால் உரிமம் தரலாம். 1994இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்து தனியார் செல்பேசி நிறுவனங்கள் நுழைந்தபோதும் அடிப்படையாக நின்றது அந்தச் சட்டம்தான். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் செல்பேசியில் பேசினார்; நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு அது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்திருந்தது. பின்னால் வந்த அத்தனை சண்டைகளும் அந்த ஒரு வரியை எப்படிப் பொருள் கொள்வது என்பதைப் பற்றியவைதான்.

மெட்ராஸில் ஸ்கைசெல், ஆர்பிஜி என இரண்டு நிறுவனங்கள். அழைப்பவருக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது; அழைப்பை எடுப்பவருக்கும் காசு போனது. உரிமக் கணக்கில் சென்னை ஒரு தொலைத்தொடர்பு வட்டம், மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம்; 2005இல்தான் இரண்டும் ஒன்றாயின. நிறுவனங்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்று பெருந்தொகை கட்டுவதாக ஏலத்தில் ஒப்புக்கொண்டு உரிமம் வாங்கியிருந்தன. வாடிக்கையாளர் சேரவில்லை, கட்ட முடியவில்லை. 1999 வாக்கில் நாடு முழுவதும் இருந்த செல்பேசி இணைப்புகள் சுமார் 12 லட்சம்தான்.

அந்த ஆண்டில் அரசு செய்ததை இந்தத் துறையின் மிகச் சிறந்த முடிவு என்பேன். 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை நிலையான கட்டணத்தைக் கைவிட்டு, வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. முதலில் 15 சதவீதம். படிப்படியாகக் குறைந்து இன்று 8. குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு உழவர் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில்தான் பங்கு. கட்டணங்கள் சரியத் தொடங்கின. 2003 மே மாதத்தில் இன்கமிங் இலவசமானது. காய்கறிக்காரரும் பிளம்பரும் செல்பேசி வாங்கினார்கள். மிஸ்டு கால் என்பது ஒரு மொழியாகவே ஆனது. 2010 மார்ச்சில் இணைப்புகள் 58 கோடியைத் தாண்டின. இத்தனைக்கும் இடையில் தலைமுறை மாறவில்லை. 12 லட்சமும் 2ஜிதான், 58 கோடியும் பெரும்பாலும் 2ஜிதான். மாறியது ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. உரிமம் பெற்றவர் எங்கெல்லாம் சேவை தர வேண்டும் என்ற பகுதியைப் பாருங்கள். பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டங்களில் முதல் ஆண்டில் மாவட்டத் தலைநகரங்களில் 10 சதவீதம், மூன்று ஆண்டுகளில் 50 சதவீதம். எந்த மாவட்டம் என்பது நிறுவனத்தின் விருப்பம். தலைநகருக்குப் பதிலாக அந்த மாவட்டத்தின் வேறொரு ஊரையும் காட்டிக்கொள்ளலாம். பாதி மாவட்டத் தலைநகரங்களில் சேவை தந்தால் சட்டப்படி கடமை முடிந்தது. மலையூர் எதுவும் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

2008 ஜனவரியில் 122 உரிமங்கள் 2001ஆம் ஆண்டின் விலையிலேயே, அதாவது நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய்க்கு வழங்கப்பட்டன. 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற தணிக்கைத் துறையின் மதிப்பீடு, 2012இல் உரிமங்களை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2017இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்த சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு – இவை தமிழ்நாட்டு வாசகருக்கு மனப்பாடம். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அலைக்கற்றை என்ற சொல்லே அந்த ஆண்டுகளில்தான் டீக்கடை வரை வந்தது. வந்தபோது அது பணத்தின் பெயராக வந்தது. எவ்வளவுக்கு விற்றிருக்கலாம் என்று நாடே கணக்குப் போட்டது. வாங்கியவர்கள் எந்த ஊருக்குச் சேவை தர வேண்டும் என்று அந்தச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

அதன் விளைவை 2010இல் பார்க்கலாம். அந்த ஏப்ரல், மே மாதங்களில் உலகில் இரண்டு பெரிய ஏலங்கள் கிட்டத்தட்ட ஒரே வாரங்களில் நடந்தன. இந்தியாவின் 3ஜி ஏலம் 34 நாட்கள், 183 சுற்றுகள் ஓடி 67,719 கோடி ரூபாய் ஈட்டியது. ஜெர்மனி 4ஜிக்கான அலைக்கற்றையை விற்றுச் சுமார் 440 கோடி யூரோ பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன் அதே ஜெர்மனி 3ஜி ஏலத்தில் 5,000 கோடி யூரோவுக்கு மேல் வசூலித்து, அந்தச் சுமை நிறுவனங்களை நெடுநாள் அழுத்தியதைப் பார்த்திருந்தது. இம்முறை 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு ஒரு நிபந்தனை வைத்தது. சேவை இல்லாத ஊர்களின் பட்டியலை மாநிலங்கள் தந்தன. 5,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்களுக்கு முதலில் போக வேண்டும். அந்த வகை மக்களில் 90 சதவீதத்தினருக்குச் சேவை கிடைத்த பிறகே 20,000 பேர் வரை உள்ள ஊர்கள், பிறகு 50,000 வரை, கடைசியில்தான் பெருநகரங்கள். லாபம் எங்கே என்று அறிந்த நிறுவனங்கள் நகரத்துக்குப் போகும் அவசரத்திலேயே கிராமத்தில் கோபுரம் நட்டன. எங்கள் 3ஜி உரிமத்தில் எழுதியிருந்ததோ, ஐந்து ஆண்டுகளில் பாதி மாவட்டத் தலைநகரங்கள், அவற்றோடு கிராமப்புறத்துக்கென ஒரு 15 சதவீதப் பங்கு. பெருநகரங்களுக்கு மட்டும் 90 சதவீதப் பரப்பு.

அந்த ஏலத்தில் நிறுவனங்கள் கொட்டிய பணம் கடன் பணம். தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 13 வட்டங்களில் 3ஜியும் 8 வட்டங்களில் பிராட்பேண்ட் அலைக்கற்றையும் வாங்கியது. இரண்டுக்குமாகக் கிட்டத்தட்ட 10,000 கோடி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணங்களை உடைத்தபோது தாங்குவதற்கு அதனிடம் வலு மிச்சமில்லை. 2018 பிப்ரவரியில் தமிழகமெங்கும் சிக்னல் செத்துப்போய், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்கு மாற மக்கள் கடைகளில் முட்டி மோதினார்கள். அந்த மாத இறுதியில் நிறுவனம் திவாலை அறிவித்தது.

வாரமுறையும் பழுதில்லாமல் தப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வருவாய் என்றால் எது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வட்டி, வாடகை, ஈவுத்தொகை எல்லாம் அதில் சேரும் என்று 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. வட்டியும் அபராதமும் கூடி நிலுவை 1.47 லட்சம் கோடியானது. அதில் ஒரு பகுதியைக் கட்ட முடியாத வோடஃபோன் ஐடியாவில் இன்று ஏறத்தாழ 49 சதவீதப் பங்கு மத்திய அரசுக்கு. ரொக்கமாக வர வேண்டியது பங்காக வந்து நிற்கிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட ஆறாத வேதனை தருவது 700 மெகாஹெர்ட்ஸின் கதை. அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது நெடுந்தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஊடுருவும். ஒரு கோபுரமே பல சிற்றூர்களுக்கு எட்டும். மலைக்கும் காட்டுக்கும் ஏற்ற அலை அதுதான். 2016 ஏலத்தில் அரசு அதற்கு வைத்த அடிப்படை விலை, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. யாரும் கேட்கவில்லை. 2021இல் விலை குறைந்தது. அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறங்கிய பிறகு ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. ஆறு ஆண்டுகள் அது செல்பேசிச் சேவைக்குப் பயன்படாமலே கிடந்தது. நிலத்தைத் தரிசாகப் போட்டால் அடுத்த ஆண்டாவது எரு போட்டு மீட்கலாம். பயன்படாமல் போன அலைக்கற்றையின் ஆறு ஆண்டுகளை மீட்க வழியில்லை. அதில் பெருந்தொற்றுக் காலமும் அடக்கம். பாடம் முழுக்க செல்பேசிக்குள் போன காலம் அது.

2022 ஜூலை 26 அன்று 5ஜி ஏலம் தொடங்கியது. ஏழு நாட்களில் 1,50,173 கோடி. ஏலம் தொடங்கிய மறுநாள், ஜூலை 27 அன்று, மத்திய அமைச்சரவை வேறொரு முடிவை எடுத்தது: நாட்டில் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் மூலம் சேவை தர 26,316 கோடி. ஐந்தாம் தலைமுறையை விற்றுக்கொண்டிருந்த அதே வாரத்தில் நான்காம் தலைமுறை எட்டாத ஊர்களை அரசே எண்ணி அறிவித்தது. அந்தச் செலவுக்குக் கைகொடுப்பது அப்போது அனைவருக்குமான சேவை நிதி எனப்பட்ட நிதி. நாம் செய்யும் ரீசார்ஜிலிருந்து நிறுவனம் ஈட்டும் வருவாயில் 5 சதவீதம், 2002 முதல் அதில் சேர்கிறது. பணி ஒப்படைக்கப்பட்ட பிஎஸ்என்எல்லோ, உள்நாட்டுக் கருவிகளைக் கொண்ட தன் 4ஜியை நாடளாவத் தொடங்கியது 2025 செப்டம்பரில்தான்.

பொதுச் சொத்தை மலிவாகக் கொடுக்கக் கூடாது என்பது நியாயமான வாதம். 2008க்குப் பிறகு எந்த அதிகாரியும் விலையைக் குறைக்கும் கோப்பில் கையெழுத்திடத் தயங்குவார் என்பதும் புரிகிறது. ஆனால் விலையைப் பணமாக மட்டும் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2018இல் பிரான்ஸ் அரசு, காலாவதியாகவிருந்த உரிமங்களை ஏலம் விடாமலே நீட்டித்தது. பதிலுக்கு ஒவ்வொரு நிறுவனமும் சேவை குறைந்த இடங்களில் 5,000 புதிய தளங்கள் வரை அமைக்க வேண்டும், தன் 2ஜி, 3ஜி கோபுரங்களை 4ஜிக்கு உயர்த்த வேண்டும் என்று எழுதி வாங்கியது. கஜானாவுக்கு வர வேண்டியதை ஊருக்குக் கோபுரமாக வாங்கினார்கள். அதுவும் வசூல்தான்.

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் என்ற சொல்லுக்குப் பதில் அங்கீகாரம் என்ற சொல். விதிகளை எழுத இதைவிட நல்ல தருணம் இல்லை. 6ஜிக்கான அலைக்கற்றை குறித்த பேச்சும் உலக அளவில் தொடங்கிவிட்டது. அடுத்த ஏல அறிவிப்பில் சேவைக் கடமை என்ற பகுதியில் சதவீதங்கள் வேண்டாம், ஊர்ப் பெயர்கள் வேண்டும்: வட்டவாரியாக, மாவட்டவாரியாக, கடைசிக் குக்கிராமம் வரை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தேதி இருக்கட்டும். ஏற்கிறவருக்கு அதற்கேற்ற தொகையை விலையில் கழித்துக்கொடுக்கலாம்; தேதி தவறினால் கழித்த தொகையை வட்டியோடு வசூலிக்கலாம். தமிழக அரசும் தன் பங்குக்கு, ரேஷன் மெஷினுக்கு டவர் கிடைக்காத கடைகளின் பெயர்களைத் திரட்டி டெல்லிக்கு அனுப்பலாம். அந்தக் கடைகள் எவை என்பது அங்கே வேலை பார்க்கும் விற்பனையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். 24,680 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று 2022 ஜூலையிலிருந்தே மத்திய அரசின் கையில் இருக்கிறது.