கூத்தைப் பாராமல் கலாநிதிப் பட்டமா?

கூத்துப் பழகின எங்கட ஊர்ப் பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ. அண்ணாவியார் ஒருத்தரையும் வாய்ப்பேச்சுக்காகத் தேற விட்டதில்லை. பாடிக் காட்ட வேணும், தாளத்தில நிக்க வேணும். மாதக்கணக்கில் பழக்கம், பிறகு வெள்ளுடுப்பு, அதுக்கும் பிறகுதான் அரங்கேற்றம். கடைசித் தீர்ப்பு விடியும்வரை குந்தியிருக்கிற சனத்தின்ர கையில்.

அதே கூத்தை ஆய்வு செய்து கலாநிதியாவதற்கு வழமையாக வேண்டியது ஓர் ஆய்வேடும் ஒரு வாய்மொழித் தேர்வும். மதிப்பிடுபவர் அந்தக் கூத்தை ஒருமுறையும் பார்த்திருக்கத் தேவையில்லை. இசையும் நடனமும் படிக்கிற இளங்கலை மாணவருக்குச் செயல்முறைப் பரீட்சை உண்டு. படிப்பு உயர உயர ஆற்றுகை காணாமல் போவதென்றால், இது என்ன நியாயம்?

எழுத்து வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிவத்தம்பி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழர் நாடகம் பற்றிச் செய்த ஆய்வு எழுத்தாகத்தான் இருக்க முடியும். அந்த அரங்கு இன்று கண்முன் இல்லை. ஆனால் உயிரோடிருக்கிற கூத்துக்கும் அதே அளவுகோலா? கூத்துக் கொப்பியைத் திறந்து பாருங்கோ. தரு, விருத்தம், கொச்சகம் என்று பெயர் இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. கொப்பியை மட்டும் ஆராய்ந்தவர் பாதிக் கூத்தையும் ஆராயவில்லை.

இந்த உண்மை எங்கட பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாததில்லை. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மேடையேற்றியபோது, கூத்தைச் செய்துபார்ப்பதும் அறிவுதான் என்று காட்டினார். அங்கு மாணவராக ஆடிய மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்து கலாநிதியானார். அந்த ஆய்வின் பலம் அவருடைய காலிலும் இருந்தது. ஆனால் காலுக்குப் புள்ளி போடுகிற முறையை மட்டும் எவரும் உருவாக்கவில்லை.

வெளியில் உருவாக்கியிருக்கினம். பின்லாந்தின் சிபேலியுஸ் அக்கடமியில் கலைவழிக் கலாநிதிப் பட்டத்துக்குக் கச்சேரிகள் செய்யவேண்டும். மதிப்பீட்டுக் குழு வந்திருந்து கேட்கும். எழுத்துப் பகுதியும் உண்டு. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆற்றுகையும் எழுத்தும் சேர்ந்த ஆய்வுகளுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

"அண்ணாவியாருக்கு ஆய்வுமுறை தெரியுமோ?" என்று கேட்பார்கள். தெரியாமல் இருக்கலாம். ஆய்வுமுறையைப் பேராசிரியர் பார்க்கட்டும். மெட்டுப் பிழைத்ததா, தாளம் விலகியதா என்பதை அண்ணாவியார் பார்க்கட்டும். பேராசிரியருக்குத் தாளம் தெரியுமோ என்று மட்டும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? இன்றைக்கு அண்ணாவியார் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு 'தகவலாளர்'. பதிவுக் கருவியோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனவர்களை நாங்களும் கண்டிருக்கிறம். போன ஆய்வேடு ஒன்றும் ஊருக்குத் திரும்பி வரேல்லை.

அதற்காக ஊர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நாங்கள் வாதாடவில்லை. எந்தச் சாதிக்கு எந்த மேடை, பெண் பாத்திரத்தை ஏன் காலங்காலமாக ஆண்களே ஆடினார்கள் என்ற கேள்விகளை ஊர் தானாகக் கேட்காது. அங்கேதான் ஆய்வாளர் தேவை. ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் களரிக்கு முன்னால், சனத்துக்கு முன்னால் கேட்கட்டும். பூட்டிய அறைக்குள் மூன்று பேருக்கு முன்னால் கேட்டால் யாருக்கு என்ன உறைக்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது ஐந்து விஷயம். கூத்தை ஆய்வு செய்பவர் அந்தக் கூத்தைப் பழகியோ பழக்கியோ காட்டவேண்டும். அதை மதிப்பிடுபவர்கள் ஊருக்கு வந்து முழுதாகப் பார்க்கவேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் அந்த மரபின் அண்ணாவியார் ஒருவர், சம்பளத்தோடும் புள்ளியோடும் இருக்கவேண்டும். ஒலி, ஒளிப்பதிவுகள் ஆய்வின் பகுதியாகக் கணிக்கப்படவேண்டும். எல்லாவற்றின் பிரதியும் ஊர் வாசிகசாலைக்கு வரவேண்டும்.

1990இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த கொப்பிகள் எத்தனை என்று ஒருவரும் எண்ணவில்லை. மிஞ்சின மெட்டுக்கள் சில வயதான தொண்டைகளில் இருக்கின்றன. அவர்கள் போனபிறகு ஆய்வேட்டைச் சரிபார்க்க ஆளிருக்காது. அப்போது எல்லோருமே தேறிவிடலாம்.